‘வந்துரும்’ என்கிற என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் ‘வந்துரும்’ என்று பட்டப்பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லிஃப்ட் வரவில்லையா, பொத்தானை இன்னும் நாலு தடவை அழுத்திவிட்டு “வந்துரும்” என்பார். குழாயில் தண்ணீர் இல்லையா, மூடித் திறந்து, மூடித் திறந்து, “வந்துரும்.” ஏன் வரவில்லை என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்பாரா? கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே!

இருவருக்கும் ஒரே பஸ் கம்பெனியில் வேலை. ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸும் தான் எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நொடி தகவல் அனுப்பும். மலையாகக் குவியும் அதை எட்டு கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுச் சுமந்து, கால அட்டவணை தயாராகும் டேட்டாபேஸில் சேர்க்கும். சேர்த்து வைப்பது அவர் பொறுப்பு. எந்த கம்ப்யூட்டரை டேட்டாபேஸுக்குள் விடலாம், எதை விடக்கூடாது என்று வாசலில் நிற்கும் ஃபயர்வால் என் பொறுப்பு. அவர் மூன்றாம் மாடி, நான் முதல் மாடி. ஆபீஸ் பேச்சு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டவரும் அவரே.

அந்த வாரம் தகவல் போய்ச் சேரவில்லை. சேர்க்கிற புரோகிராமை ஓட்டினால் பாதியில் நின்றுவிடும்; ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்று திரையில் அதே வசனம். இவர் மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றது. செக்குமாடு கூட நடுவில் ஒருதரம் நிமிர்ந்து பார்க்கும். இவர் பார்க்கவில்லை. டேட்டாபேஸ்தான் சரியில்லை என்று அதைப் பார்த்துக்கொள்பவரோடு சண்டை வேறு; முதல் மாடி வரை கேட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சனிக்கிழமை எங்கள் மகள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாள். திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். இப்போது வேலை நிமித்தம் வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். அவள் பட்டம் வாங்கிய அன்றைக்கு “வந்துர்றேன்” என்று சொன்ன மனுஷன், இதேபோல் எதையோ ஓட்டிக்கொண்டே உட்கார்ந்து போகாமல் விட்டார். அன்றிலிருந்து அவள் இவரிடம் பேசுவதில்லை. இவரும் தினம் ஒரு மெசேஜ் தட்டுவார்: “சாப்டியா?” பதில் வராது. “வந்துரும்” என்று போனைக் கவிழ்த்து வைப்பார். அவளை வழியனுப்பப் போக லீவு கேட்டதற்கு, தகவல் போய்ச் சேர்ந்தால்தான் வெள்ளிக்கிழமை லீவு என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டே, “இன்னிக்கு ஓடிரும்” என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. சட்டமாவது மண்ணாவது!

“என்னங்க, கனெக்‌ஷன் கிடைக்குதான்னு எங்கிருந்து டெஸ்ட் பண்ணீங்க?”

“என் மேஜையிலேருந்துதான். ஜோரா கிடைக்குது.”

“சுமை தூக்குறது உங்க மேஜையா?”

“இல்ல... அந்த எட்டும்தான். போன வாரம்தான் புதுசா மாத்தினோம்.”

“மாத்தினீங்களா! எங்க மாடியில யார்கிட்ட சொன்னீங்க? அதுங்களை உள்ள விடச் சொல்லி யாராவது கேட்டீங்களா?”

பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது.

“கேக்கணுமா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த கரண்டி தப்பியதே பெரிது. “கேக்காம தொறக்க நான் என்ன மந்திரவாதியா? முன்னப்பின்ன தெரியாத மெஷின் வந்து தட்டினா வெளியிலதான் நிக்கும். புருஷன் அனுப்பினதுன்னு அது நெத்தியிலயா எழுதியிருக்கு?”

அன்றைக்கு என் முதல் மாடிக்கு இறங்கி வந்தார், கல்யாணமான பிறகு முதல் தடவையாக. முறைப்படி கேட்டார், திறந்துவிட்டேன். எட்டும் ஒரேயடியாக முட்டிக்கொண்டு நுழைந்ததில் டேட்டாபேஸ் திணறியது. சண்டை போட்டவரிடமே போய், “ஒரே நேரத்துல எத்தனை தாங்கும்?” என்று கேட்டு, நாலு நாலாக அனுப்பினார். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை மகளின் வீட்டு வாசலில் நின்றோம். அழைப்பு மணியை இவர் ஒரே ஒரு தடவை அழுத்தினார். சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். இவரைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

“சாப்...” என்று ஆரம்பித்தார். நறுக்கென்று கிள்ளினேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே, “அன்னிக்கு நான் வந்திருக்கணும்மா. வராதது என் தப்பு. உள்ள வரட்டுமா?” என்று கேட்டார்.

“இதைக் கேக்க இத்தனை நாளாப்பா?”

“கேக்கணும்னு தெரியலம்மா.”

எனக்கு அழுகை ஒருபக்கம், எரிச்சல் ஒருபக்கம். பை வேறு தோளை இறக்கியது.

சங்கிலியை எடுத்துக்கொண்டே மகள் கேட்டாள்: “சாப்டீங்களா?”