வட்டிக்காரனுக்குத் தனி இலை

காலேஜில் படித்த காலத்தில் தமிழ்ச் சங்கத்துப் பையன்கள் ஒரு பழைய ஆங்கில நாடகத்தைத் தமிழில் போட்டார்கள். கதையில் ஒரு வட்டிக்காரன், வேற்று மதத்தான். ஊரே அவன்மேல் காறித் துப்பும். கையில் பணமுடை வந்தால் அவன் வாசலில்தான் போய் நிற்கும். அவனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடன் தவறியவனின் நெஞ்சுச் சதையை அறுத்தே தீருவேன் என்று கோர்ட்டுக்குக் கத்தியோடு வருவான்.

அந்த வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பையன்கள். நான் ஒருத்தன்தான் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவன்.

"ஓய், நீர்தான் பொருத்தம். அந்த முழி உமக்குத்தான் இருக்கு" என்றார்கள்.

சவம், வேஷம்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

ஒத்திகை பழவங்காடியில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில். காப்பி வரும். அவர்களுக்குப் பித்தளை டம்ளர்; எனக்குக் கண்ணாடி கிளாஸ். குடித்துவிட்டு நானே கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைக்கவேண்டும். நாடகத்திலோ தலைகீழ். வட்டிக்காரன்தான் அவர்களோடு சாப்பிட உட்காரமாட்டேன் என்று முறுக்கிக்கொள்வான். அந்த இடம் வந்தால் பையன்களுக்குச் சிரிப்பு அடங்காது. முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

"நாடகம் நன்னா அமைஞ்சா நம்மாத்திலேதான் சாப்பாடு. எல்லாருக்கும் ஒரே பந்தி" என்று வக்கீல் ஒருநாள் சொன்னார். ஒரே பந்தி! அந்த ஆசையில்தான் ராப்பகலாக வசனம் உருப்போட்டேன்.

மேடையில் கத்தியைத் தீட்டியபோது கடன் தவறியவனாக எதிரே நின்றவன், தினமும் ஜன்னலைக் கண்ணால் காட்டி, "கிளாஸை மறந்துட்டீரே" என்று கேலி செய்கிறவன். நிஜமாகவே ஒரு கீறல் போட்டால் என்ன என்று தோன்றிற்று. அவன் முகம் வெளிறியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு வட்டிக்காரன் தோற்றான். மதத்தை மாற்றிக்கொண்டு பிழைத்துப் போ என்று தீர்ப்பாயிற்று. கொட்டகையே ஆரவாரித்தது.

மறுநாள் மத்தியானம் வேஷ்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இலை கிணற்றடியில்.

"தப்பா நினைச்சுக்காதீர் ஓய். ஆத்திலே பெரியவா இருக்கா" என்றார் வக்கீல்.

கூடத்து வாசலில் நிமிர்ந்து நின்று, "உங்களோடு உட்கார்ந்து நான் சாப்பிடமாட்டேன்" என்றேன்.

உடனே ஒருவன், "பேஷ்! இன்னும் வேஷம் கலையலை பாரும்!" என்றான். பந்தி முழுக்கக் கை தட்டியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.