நெடுந்தீவில் மூச்சு விட்ட கிணறு

மாணவர்களை நெடுந்தீவுக்குக் கூட்டிப் போக நினைக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி வழி கேட்பதால் இதை எழுதுகிறேன். நான் போனது எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். அப்போது ஆசிரியர் கலாசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தேன். தீவுக் கிணறுகளின் நீரைப் பார்ப்பதற்காகப் புறப்பட்ட ஒன்பது பேரில் பிலோமினாவும் ஒருத்தி. நெடுந்தீவுக்காரி. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். "மிஸ், எனக்குப் படிக்க ஏலாது. இந்தத் தவணையோடை படிப்பை நிப்பாட்டப்போறன்" என்று சொல்லியிருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை வழியாகக் குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். பிறகு மோட்டார் வள்ளத்தில் ஒரு மணித்தியாலம். (வயிறு பிரட்டுகிறவர்கள் நடுவில் இருங்கள்.) அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. நெடுந்தீவுத் துறையில் பிலோமினாவின் தகப்பன் சூசை எங்களுக்காகக் காத்திருந்தார்.

கடலில் எடுத்த முருகைக்கற்களை அடுக்கிய வேலிகளுக்கிடையே நடந்தோம். காற்றில்லை, பனை ஓலை ஆடவில்லை. ஆளில்லாத ஒரு வீட்டைத் தாண்டும்போது யாரோ நித்திரையில் நீளமாக மூச்சு விடுவது கேட்டது. எல்லோரும் நின்றுவிட்டோம். சத்தம் கிணற்றடியிலிருந்து வந்தது. கிணற்றை ஒரு பெரிய கல் மூடியிருந்தது.

சூசை சிலுவை அடையாளம் போட்டார். "அங்கை நிக்காதேங்கோ. இது எங்கட வீடு. இவளின்ரை தாய் தண்ணி அள்ளேக்கை இதுக்கை விழுந்துதான் செத்தவ. மனிசி போன பிறகுதான் மூச்சுக் கேக்கத் துவங்கினது. அதாலை நாங்கள் துறையடிக்குப் போயிட்டம்."

கடலோடு தொடர்புள்ள பாறை வெடிப்பு ஒன்று கிணற்றுக்கு அடியில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தவள் பிலோமினாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "உம்மடை வீடு. போவமோ, பாப்பமோ?" என்று கேட்டேன். "பாப்பம் மிஸ்" என்றாள்.

ஆளுக்கொரு கடதாசித் துண்டு கொடுத்தேன். முதலில் பேசாமல் தங்கள் ஊகத்தை எழுத வேண்டும். பிறகு பக்கத்திலிருப்பவருக்கு அதை விளக்க வேண்டும். அதன்பின்தான் எல்லோருக்கும் சொல்லலாம். காற்று, பாம்பு, கடல் என்று வாக்குவாதம் மூண்டது. பிலோமினா ஊகம் எழுதவில்லை, ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: "மூச்சு வெளியே மட்டும்தான் வருகிறதா, உள்ளேயும் போகிறதா?"

அதைச் சோதிக்க, கல்லின் இடுக்கருகே ஒரு தடியில் நூலைக் கட்டினோம். நூல் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு நின்றது. இரண்டு பேர் துறைக்குப் போய்க் கடல் மட்டத்தைப் பார்த்தார்கள், நீர் ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குப் பிறகு கடல் வற்றத் தொடங்கியதாக ஒருவன் ஓடி வந்து சொன்னான். அதற்குள் மூச்சு அடங்கியிருந்தது. நூல் நேராகத் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் அது மெதுவாகச் சாய்ந்து, யாரோ விரலால் இழுப்பதுபோல இடுக்குக்குள் போனது.

காரணம் எங்களுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் ஒருவரும் கிட்டப் போகவில்லை.

பிலோமினா தகப்பனிடம் திரும்பினாள். "அப்பா, சத்தம் கேட்டது கல்லாலை மூட முதலோ, பிறகோ?"

"மூடின பிறகு."

"கடல் ஏற உள்ளை கிடக்கிற காத்து வெளியிலை தள்ளுப்படுது. வாய் திறந்து கிடந்தால் சத்தம் வராது. இந்த இடுக்காலை வாறபடியால்தான் கேக்குது."

சூசை கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, அவள் இல்லையோ?"

"இல்லை அப்பா."

அவர் கிணற்றடியில் குந்தியிருந்து அழுதார். கல்லைத் தூக்கிப் பார்க்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

திரும்பும் வள்ளத்தில் பிலோமினா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "மிஸ், இப்பதான் எனக்கு முந்தியைவிடக் கூடப் பயமாக் கிடக்குது."

"ஏன்?"

"இவ்வளவு நாளும் அந்த வீட்டிலை அம்மா இருந்தவ."

அவள் படிப்பை நிறுத்தவில்லை. வகுப்பில் என்னையே மடக்கும் கேள்விகள் கேட்டாள், இறுதிச் சோதனையிலும் சித்தியடைந்தாள். தனியே எழுதி, பக்கத்தவருக்குச் சொல்லி, பிறகு சபையில் பேசும் அந்த முறையை நான் ஓய்வு பெறும்வரை விடவில்லை. வாய் திறக்காத பிள்ளைகள் அதில்தான் வாய் திறந்தார்கள்.

போகிறவர்கள் குடிதண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கள். கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். விடையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். ஆனால் அந்த விடை வந்த பிறகு, அவர்களோடு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கவும் நேரம் ஒதுக்குங்கள்.