காருக்கு வைத்த சைக்கிள் மணி

இராசையா அண்ணையை நான் கடைசியாக உயிரோடு கண்டபோது, அவர் என் காருக்கு வழிவிட்டு நின்றார். அதற்கு முன் ஒருநாளும் விட்டதில்லை.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் வாடகைக் கார் ஓட, பெற்றோலைவிடப் பொறுமைதான் கூடத் தேவை. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். என் பழைய ஒஸ்ரின் கார் நிற்கும் கொட்டில் ஓர் ஒடுங்கிய தெருவின் உள்முனையில். வெளியே வந்தால்தான் சோறு. தெருவோ நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் சொந்தம். அப்படியான ஊர்களில் கார் ஓடியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

அவசரம்

தெருவாசலில் சைக்கிள் திருத்துகிறவர் இராசையா அண்ணை. சைக்கிள்களை நடுத்தெருவில் கவிழ்த்து வைத்துத்தான் ரியூப் ஒட்டுவார். ஒருநாள் ஹோர்ன் அடித்தேன். ஒட்டு காயும்வரை அவர் நிமிரவில்லை. மனைவி இறந்து நான் தனியே இருப்பது அவருக்குத் தெரியும். பிறகு அவசரமில்லாமல் கேட்டார்: “வீட்டில தேத்தண்ணி வைச்சுத் தரவும் ஆளில்லை. எங்கையடா பறக்கிறாய்?”

மாப்பிள்ளை

ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போனேன். முன்னால் மூன்று பேர் சைக்கிள்களை அருகருகே விட்டுக் கதைத்துக்கொண்டு போனார்கள். ஹோர்னை அவர்கள் காதில் வாங்கவில்லை. முகூர்த்தம் நெருங்க, மாப்பிள்ளை இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, அவர்களில் ஒருவரின் சைக்கிள் பாரில் ஏறிவிட்டார்.

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்தது. பெண்ணின் தகப்பன் கேட்டார்: “தம்பி, மாப்பிள்ளை வந்திட்டார். நீங்கள் ஆரைக் கொண்டு வந்தனீங்கள்?”

மணி

அந்தக் கதை பரவி, என் காரை ஒருவரும் கூப்பிடவில்லை. இனி என்ன செய்வது என்று அண்ணையின் கடையில் குந்தியிருந்தேன். அவர் ஒரு பழைய சைக்கிள் மணியை எடுத்து வந்து, காரின் பக்கக் கண்ணாடிக் காம்பில் இறுக்கினார்.

மறுநாள் கையை வெளியே நீட்டி அடித்தேன். தெரிந்த ஆள் யாரோ சைக்கிளில் வருகிறார் என்று தெருவே ஒதுங்கியது. மீன் விற்கிற அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தா. கார் மறுபடி ஓடத் தொடங்கியது. அண்ணை மட்டும் அசையவில்லை.

“நான் தந்த மணியடா அது. எனக்கே அடிக்கிறியோ?”

வழி

சண்டை திரும்பி வந்தது. ஊர் முழுக்க இடம்பெயர்ந்து ஒரே றோட்டில் ஏறியது. நடக்கமாட்டாத அயலவர்கள் என் காருக்குள். முன்னால் அண்ணை, சைக்கிளில் மூட்டை கட்டித் தள்ளிக்கொண்டு போனார். மணியை அடித்தேன். பார்த்தார். சைக்கிளோடு சேற்றுக்குள் இறங்கி நின்றார்.

“போ. ஏலாதவையை வைச்சிருக்கிறாய். இண்டைக்கு மட்டும்தான்.”

பெற்றோல் முடிந்த இடத்தில் காரை விட்டேன், மணியைக் கழற்றிக்கொண்டேன். சண்டை முடிந்து ஊருக்கு வந்தோம்; அண்ணை திரும்பி வரவில்லை. அந்த மணி இப்போது நான் ஓடுகிற சைக்கிளில் இருக்கிறது.