செய்தி சொல்ல வருபவர்கள்

ஆபிரிக்காவுக்குக் கிறிஸ்தவ வேதத்தைக் கொண்டுபோனவன் வெள்ளைக்காரன் என்று ஐம்பது வயது தாண்டும்வரை நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை ஒரு எரித்திரியாக்காரியின் முகத்துக்கு நேரே சொல்லியும் வைத்தேன்.

ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளும் நானும் பல வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். தட்டுகளை அடுக்குவது, பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் தள்ளுவது, பல்லில்லாதவர்களுக்குக் கோழியை அரைத்துக் கூழாக்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. அன்று மத்தியான இடைவேளையில் அவள் பருப்பும் புளித்த ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நோன்பு. பாதி வருடம் அவளுக்கு நோன்புதான். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை. கந்தசஷ்டி பிடித்துவிட்டு அதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிற எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

"உங்களையும் வெள்ளைக்காரன் வந்துதானே மாத்தினவன்? யாழ்ப்பாணத்திலையும் பள்ளிக்கூடத்தைக் காட்டித்தான் ஆள் பிடிச்சவங்கள்," என்றேன். நாங்கள் பேசுவது இங்கிலீசில். அவளுடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே அளவு நொண்டி. அவள் பேசியதை இங்கே என் தமிழில்தான் எழுத முடியும்.

அவள் சாப்பிட்ட கையோடு சிரித்தாள். "வெள்ளைக்காரனோ? அவன்ர நாட்டிலை பாதிச்சனம் மரத்தைக் கும்பிட்டுக்கொண்டு திரியேக்கை எங்கட ராசா காசிலை சிலுவை அடிச்சவர்."

பிறகு கதை சொன்னாள். செங்கடலில் ஒரு கப்பல். இந்தியாப் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் என்றும் சொல்வார்களாம். தண்ணீருக்காகக் கரை ஒதுங்கிய இடத்தில் ஏதோ பழைய பகையில் உள்ளூர்ச்சனம் கப்பலில் இருந்த எல்லோரையும் கொன்றுபோட்டது. தூரத்தில் ஒரு மரத்தடியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பிச் சிறுவர்கள் இரண்டு பேர் மட்டும் தப்பினார்கள். அவர்களை, இன்றைய எரித்திரியாவும் எத்தியோப்பியாவும் ஒன்றாக இருந்த அக்சும் ராச்சியத்து அரசனிடம் அடிமைகளாகக் கொண்டுபோய் விட்டார்கள். அரசன் செத்தபிறகு அவன் மனைவி, சின்னப்பிள்ளையாக இருந்த இளவரசனை வளர்க்கத் துணைக்கு நில்லுங்கள் என்று இவர்களையே கேட்டாள். துறைமுகத்துக்கு வந்துபோன கிறிஸ்தவ வியாபாரிகளைத் தேடிச் சேர்த்து, சேர்ந்து செபிக்க இடம் பிடித்துக் கொடுத்தது மூத்தவன். பிள்ளை அரசனானபோது சிலுவையும் கூடவே அரசேறியது. பிறகு சிரியாப் பக்கத்துத் துறவிகள் வந்து மலையுச்சிகளில் ஏறி மடம் கட்டி, வேதத்தை அந்த நாட்டுப் பாஷையிலேயே எழுதினார்களாம்.

"ரெண்டு அடிமைப் பெடியள் கொண்டுவந்தது. துவக்கு நீட்டவும் இல்லை, பள்ளிக்கூடம் காட்டவும் இல்லை," என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவருக்குச் சொன்னேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்ப எங்கட மிளகும் அந்தக் கப்பலிலை போயிருக்கும்," என்றார். அவருக்கு எதிலும் மிளகு தெரிந்தால் போதும்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அடுத்த நாள் அவளிடம் கேட்டேன். கப்பலிலிருந்து தப்பிய அந்த அண்ணன் தம்பியின் தாய் என்ன ஆனாள்?

சட்டென்று அவள் முகம் மாறிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய ஒரே மகன் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நாட்டைவிட்டு ஓடியவன். சூடான், பிறகு லிபியா. இவள் இங்கிருந்து அவனைக் கனடாவுக்கு எடுப்பிக்கச் செய்த முயற்சிகள் இழுபட்டுக்கொண்டே போக, அவன் பொறுக்கவில்லை. கடற்கரை ஒன்றிலிருந்து கடைசியாகப் பேசினான். நாளைக்கு வெளிக்கிடுகிறோம் என்றான். அதற்குப்பிறகு ஒன்றும் இல்லை. எந்தப் படகு, எத்தனை பேர், ஏறினானா, ஏறவில்லையா, பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்களா, ஒருவருக்கும் தெரியாது. அது நடந்து அப்போதே வருடக்கணக்காகிவிட்டது.

"ரெண்டு பேரிலை ஒருத்தன் வீட்டை திரும்பிப் போனவன்," என்றாள் மெல்ல. "இளையவன். தாய் தேப்பனிட்டைப் போனவன்." கதையில் மற்ற எல்லாரும் மூத்தவனைத்தான் கொண்டாடுகிறார்கள். அவன் அலெக்சாந்திரியாவுக்குப் போய் ஆயர் பட்டம் பெற்று, திரும்பி வந்து ஒரு நாட்டையே கிறிஸ்தவ நாடாக்கியவன். இவள் பிடித்துக்கொண்டு தொங்கியது இளையவனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு அவர்கள் கோயிலுக்குப் போனேன். மில்லிக்கனில் ஒரு பிளாசாவில், கம்பளக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில், வாடகை மண்டபம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. சாம்பிராணி, மேளம், சரிகைக் குடை, முக்காடு போட்ட பெண்கள். கையில் நீளத்தடியை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிறார்கள். பூசைப் பாஷை அந்தப் பழைய பாஷை, அங்கே நின்ற பாதிப்பேருக்கு விளங்காதாம். ஐயர் சொல்வது எனக்கு என்றைக்கு விளங்கியது! அவள் நெற்றி நிலத்தில் பட விழுந்து எழும்பி விழுந்து எழும்பிக்கொண்டே இருந்தாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மோர்னிங்சைட் நூலகத்தில் புத்தகம் எடுக்கத் தொடங்கினேன். அவளுக்கு ஏதாவது நல்லதாகக் கொண்டுபோய்ச் சொல்லலாம் என்ற எண்ணம். நல்லது எங்கே கிடைத்தது? எகிப்துக்குத் தெற்கே, நைல் ஆற்றோரம் நூபியா என்று ஒரு நாடு. மூன்று அரசுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வேதத்துக்கு வந்தன. கோயில்கள் கட்டி, சுவரெல்லாம் பெரிய கண்களோடு தேவதூதரை வரைந்து, பல நூறு வருடம் வாழ்ந்தார்கள். பிறகு வெளியிலிருந்து குருமார் வருவது நின்றுபோனது. கடைசிக் காலத்தில் அவர்களில் சிலர் எத்தியோப்பிய அரசனிடம் வந்து, எங்களுக்குக் குருமார் அனுப்புங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவன் அனுப்பவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. கடைசிப் பூசை எந்த ஊரில் நடந்தது, யார் செய்தது, பிறகு கதவை யார் சாத்தியது என்று எழுத ஆள் இல்லை. கோயில்களை மண் மூடியது. எங்கள் காலத்தில் அணை கட்டியபோது மிச்சத்தையும் தண்ணீர் மூடியது.

இதைப்போய் அவளிடம் சொல்ல எனக்கு என்ன விசரா? ஆனால் சொன்னேன். அவள் கையில் இருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே, "எங்களிட்டைத்தான் கேட்டு வந்தவை. நாங்கள் குடுக்கேல்லை," என்றாள். ஏதோ நேற்று நடந்தது போல அவளுக்கு அது வெட்கமாக இருந்தது.

எனக்கும் ஒரு தம்பி. யுத்தம் முடிந்த நாட்களில் கையை உயர்த்திக்கொண்டு ஆமிக்காரனிடம் போனவன், பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா சாகும்வரை அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு றோட்டோரம் இருந்தா. திவசம் செய்யவும் விடவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளுத்தண்ணி இறைக்கிறதோ என்று கேட்பா. நான் இங்கிருந்து தொலைபேசியில், ஓம் அம்மா, வருவான் அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எரித்திரியாக்காரியையும் என்னையும் சேர்த்துக் கட்டிவைத்தது இதுதான், வேதமும் சைவமும் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஒப்பரேஷன் செய்து வீட்டில் இருந்தாள். நோயாளியைப் போய்ப் பார்க்காவிட்டால் நாங்கள் என்ன தமிழ்ச்சனம்? சமையலறைத் தமிழ்ப்பெண்கள் நாலு பேரும் பேசிக்கொண்டோம். வேலைக்குப் போகிற வழியிலேயே போய்விடுவோம் என்று சொன்னது நான்தான். இடியப்பம், சொதி, ஒரு பை முந்திரிகைப் பழம், கரைத்துக் குடிக்க ஒரு பெட்டி நெஸ்ரோமோல்ற். போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அவள் எழும்பிக் கோப்பி வறுக்கத் தொடங்கிவிடுவாள்.

விடிந்தும் விடியாத நேரம். கதவைத் தட்டினோம். அவள் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற மற்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கமுன் அவள் கத்திய கத்து இன்னும் என் காதில் நிற்கிறது. ஒப்பரேஷன் புண் பிரிந்துவிட்டதோ என்று பதறிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். அவள் நிலத்தில் குந்தியிருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு மகன் பேரைச் சொல்லி அலறினாள்.

பக்கத்து அப்பார்ட்மென்டிலிருந்து அவள் ஊர்ப்பெண் ஒருத்தி முக்காட்டோடு ஓடிவந்தாள். எங்கள் நாலு பேரையும் கண்டதும் அவளும் அழத் தொடங்கினாள். "ஆர் உங்களுக்குச் சொன்னது? லிபியாவிலையிருந்தோ?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நாங்கள் சாப்பாடு கொண்டுவந்தனாங்கள்," என்றேன். இடியப்பப் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தூரத்தில் ஒருவர் செத்தால் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்கள் ரகசியமாகப் பேசி ஒன்றுசேர்ந்து, விடியற்காலையில் கூட்டமாக வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். அந்த நேரத்தில் அப்படி வந்தால் வேறு அர்த்தமே இல்லை. இத்தனை வருடம் அவள் பயந்து, எதிர்பார்த்து இருந்தது இந்தக் கதவுத்தட்டலைத்தான். தட்டியது நாங்கள், இடியப்பத்தோடு.

இல்லை, இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவள் நம்பவில்லை. செய்தி கொண்டுவருபவர்களும் முதலில் ஏதாவது சும்மா பேச்சுத்தான் பேசுவார்களாம். சத்தம் கேட்டு வேறு வீடுகளிலிருந்தும் சனம் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கதிரை வந்தது, சாப்பாடு வந்தது, குருவானவரும் வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. செய்தி கொண்டுவந்தவர் யார்? ஒருவரும் இல்லை என்றதும் அவர் அவள் தலையில் கையை வைத்துச் செபித்துவிட்டு எழும்பிவிட்டார். இறந்தவருக்கான பூசையை, இறந்தது நிச்சயமாகத் தெரியாமல் செய்ய முடியாது என்றார். சனம் சாப்பாட்டையும் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அழுகை பாதியில் நின்றுபோனது.

வேலைக்குத் திரும்பி வந்தபோது அவள் என்னைக் கோபிக்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து நான் அவளைக் காரில் கொண்டுபோய் விடும்போது, "திருப்பி வாங்கோ," என்றாள்.

"எங்கை?"

"வீட்டை. அண்டைக்கு வந்தமாதிரி நாலு பேரும் வந்து, அவன் செத்துப்போனான் எண்டு சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியாதே," என்றேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது. என்ர சனம் தெரியாமல் சொல்லாது, பாவம் எண்டு பயம். நீ எங்கட ஆள் இல்லை. நீ சொல்லலாம். நான் ஒருக்கா அழுது முடிக்கவேணும்."

கணவரிடம் சொன்னபோது முதல்முறையாகத் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். "உனக்கென்ன பைத்தியமே? உசிரோட இருக்கிற பிள்ளையா இருந்தால்?" அம்மாவிடம் ஒருவர் போய்ச் சொல்லியிருந்தால் அவ நாலு வருடமாவது நிம்மதியாகப் படுத்து எழும்பியிருப்பா என்று மட்டும் நினைத்தேன். மற்ற மூன்று பேரையும் சம்மதிக்கவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போனோம். அதே நேரம். இந்தமுறை வெறுங்கையோடு. அவள் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றாள். தலைவாரி, வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு தயாராக இருந்தாள். எல்லாரும் நிலத்தில் இருந்தோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"உன்ர மகன் செத்துப்போனான்."

அவள் இந்தமுறை கத்தவில்லை. குனிந்து, மடியில் பிள்ளை கிடக்கிறமாதிரி ஆடி ஆடி அழுதாள். நானும் அழுதேன். என் தம்பிக்காகத்தான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. மற்ற மூன்று பேருக்கும் அழ ஆளுக்கொருவர் இருந்தார்கள். நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று அந்த நேரத்தில் நம்பினேன்.

பிறகு அவள் தலையை நிமிர்த்தினாள். "ஆர் கண்டது?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"கடலிலையோ, கரையிலையோ? கூட நிண்டது ஆர்? ஆர் தாட்டது? சொல்லு."

செய்தி கொண்டுவருபவர்களிடம் அடுத்ததாகக் கேட்கிற கேள்வி அதுதானே. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பொய் போதும். கூடப்போன பெடியன் ஒருத்தன் கண்டவனாம், கரையில் மரியாதையாகக் குழிவெட்டித் தாட்டவையாம் என்றால் முடிந்துவிடும். அவள் சிவந்த கண்ணோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் காணேல்லை," என்றேன்.

அவள் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். போர்த்தியிருந்த துணியால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப எழும்புங்கோ, வேலைக்கு நேரமாகுது," என்று சொல்லிவிட்டு யூனிபோர்ம் மாற்ற உள்ளே போனாள்.