மாமனார் குடிக்காத தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவனாக இருந்தேன். விதிமுறைகள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவற்றைப் பிறருக்குச் சொல்லித் திருத்துவது பொழுதுபோக்கு.

தீராத வயிற்று வலியோடு அச்சங்குளத்திலிருந்து என் மாமனார் வந்தார். குடல் படத்தில் தெரிவதற்காக வெள்ளையான பேரியக் கரைசலைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தேன். அது குடலில் இறுகாமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொன்னேன். "குடிக்கேன் மாப்ளே" என்றார். என் கடமை முடிந்தது.

எங்கள் வீட்டில்தான் தங்கினார். இரண்டொரு நாளில் வயிறு கல்லாகிச் சுருண்டு படுத்துவிட்டார். விளக்கெண்ணெய் கொடுத்த டாக்டர், "தண்ணீர் உள்ளே போகாவிட்டால் ஆபரேஷன்தான்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

"தண்ணி குடிச்சீகளா இல்லையா மாமா?" என்று அதட்டினேன்.

"ரெண்டு மடக்கு குடிச்சேன். எம்மக அம்புட்டுத் தூரம் போயி, குழாயடியில சண்டை போட்டுக் கொடம் சுமக்கா. அதை நான் குடிச்சே தீக்கணுமாக்கும்?"

கதவோரம் நின்ற என் மனைவி அழுதாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

"ஏட்டி, எக்ஸ்ரேக்காரவுக கொடத்தோட வாராக, வழி விடுங்க!" என்று அங்கிருந்த பெண்களிடையே ஒரே சிரிப்பு.

"மாப்ள சுமந்ததை வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்று முனகியபடியே மாமனார் செம்பு செம்பாகக் குடித்தார். மறுநாள் வயிறு இளகியது. ஆபரேஷன் தப்பியது.

அதன்பின் எந்த நோயாளியையும் ‘நிறையக் குடியுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பியதில்லை. வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பது யார் என்று கேட்பேன். முதல் செம்பை நானே நீட்டுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். குழாயடியிலிருந்து இன்னும் இல்லை.