அசுவினிக்கு அடித்த மருந்து

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் கட்டட மொட்டை மாடியில் நான் வளர்க்கும் மிளகாயை யாரும் கேட்காமலே பறித்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் இலையடியெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. எரிச்சலில் கடையில் விற்கும் பூச்சிமருந்தை அடித்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் செடியில் ஒரு மிளகாய்கூட இல்லை!

வழக்கமாகப் பறிப்பது கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காதான். ஈரத் தலையோடு அங்கே ஓடினேன். அக்கா சட்னி அரைத்து முடித்திருந்தார். அவர் மகள் தோசையை அதில் தொட்டு வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

"சாப்பிடாதே! மிளகாய்க்கு மருந்து அடிச்சிருக்கேன்!" என்று கத்தினேன்.

அக்கா தட்டைப் பிடுங்கினார். "ஒரு மெசேஜ் போடக்கூடாதா, சாந்தி?" என்றார்.

இப்போது நான் மருந்தே வாங்குவதில்லை. தினமும் காலையில் இலையைத் திருப்பித் தண்ணீர் பீய்ச்சிப் பூச்சியைக் கழுவிவிடுகிறேன். ஆனாலும் அக்கா, "பறிக்கலாமா?" என்று கேட்காமல் மாடிப்படி ஏறுவதில்லை.