கசெற்றில் கேட்ட அழுகை

எங்கள் அன்னையார் கண்மூடி ஓராண்டு நிறையும் இந்நாளில் எம்மோடு கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இளைய மகனாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். அம்மாவைப் பற்றிப் பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வெட்கமே மிஞ்சியது.

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்த அம்மா, துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். சில வருடங்களில் அப்பாவின் தாயார் படுத்த படுக்கையானார். அவரைக் குளிப்பாட்டியதும் அவருக்கு ஊட்டியதும் அம்மாதான். அதை உதவி என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, அம்மாவும் அப்படி நினைத்ததில்லை.

யுத்தம் தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கெல்லாம் எங்கள் இரண்டு அறை வீடுதான் தங்குமிடம். விசாவுக்குக் காத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும்; அதற்கும் அம்மாதான் கூட்டிப் போவார். "மகே மல்லிகே புத்தா" என்று சிங்களத்தில் சொல்லி எல்லோரையும் தம்பியின் மகன் ஆக்கிவிடுவார். அம்மாவுக்குத் தம்பியே கிடையாது. அந்த மருமக்கள் இன்று எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை அவரவர் அறிவர்.

அண்ணா கனடாவுக்கும் அக்கா பிரான்ஸுக்கும் போனார்கள். அப்பா காலமானார். நான் கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு மாறினேன். ஃபிளாட்டில் இடம் போதாது என்று நான் சொன்னேன், மாடி ஏற ஏலாது என்று அம்மா சொன்னார். இரண்டும் சேர்ந்து எனக்கு வசதியாகப் போயிற்று.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவரைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போவதைக்கூட அம்மாவுக்காக விட்டிருந்தார் என்று பிறகுதான் அறிந்தேன். ஒருநாள் என் ஒஃபிசுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, அம்மா ஒழுங்கா சாப்பிடுறாங்க இல்ல. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"வழி முழுக்க ஆமி செக்கிங் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வாறன்."

அதே செக்கிங்கைத் தாண்டித்தான் தினமும் கோட்டைக்கு வேலைக்குப் போய்வந்தேன். கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை எவ்வளவு கிட்ட என்று கொழும்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை போனாலும் அம்மாவே அவசரப்படுத்துவார்: "கனநேரம் நிக்காத ராசா, இருட்ட முந்திப் போ." உடனே எழும்பிவிடுவேன்.

அம்மாவின் உயிர் பிரிந்தது ஒரு வேலை நாளில். பிலோமினா அக்காவின் மடியில் தலை இருந்தது.

அகதி வழக்கு முடியாததால் அண்ணாவாலும் அக்காவாலும் வர முடியவில்லை. நம்மவர் வழக்கப்படி செத்த வீட்டை வீடியோ எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்தேன். வாய்க்கரிசி போடும் நேரம் வந்ததும், தலைமாட்டில் நின்ற பிலோமினா அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"அக்கா, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ. வெளிநாட்டில பாப்பினம். சொந்தக்காரர் நிக்கட்டும்."

அவர் கதவுப் பக்கம் போய் நின்றார். நாங்கள் வரிசையாக நின்றோம். படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று வீடியோக்காரரும் சொன்னார்.

கசெற் கிடைத்ததும் அண்ணா போன் எடுத்தார்.

"தம்பி, ஒரு பொம்பிளை அழுற சத்தம் கடைசி மட்டும் கேக்குது. ஆளைக் காணேல்லை. ஆரடா அது?"

"பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா."

அண்ணா மெதுவாகக் கேட்டார்: "வேற ஒருத்தற்ர சத்தமும் கேக்கேல்லையேடா?"



இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தோர், மலர்வளையம் அனுப்பியோர், தந்தி மூலமும் தொலைபேசியிலும் துயர் பகிர்ந்தோர் அனைவருக்கும் எம் குடும்பத்தின் நன்றி உரித்தாகுக. அடுத்த பக்கத்தில் அம்மாவின் மக்கள் என்ற வரிசையில் பிலோமினா அக்காவின் பெயர் முதலில் இருக்கும். அண்ணாவும் அக்காவும் மனதார ஒத்துக்கொண்டார்கள். அதற்குக் கீழே, அம்மாவின் கடைசிக் காலத்தில் அவ்வப்போது வந்துபோய் உதவியவர்களுக்கு நன்றி கூறியிருக்கிறோம். அங்கே என் பெயரைப் பார்ப்பவர்கள் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.